அல்பீசியாவுக்கு முட்டு

"இந்த மரத்துல வாள் படணும்னா, மொதல்ல என் மேல பட்டுட்டுப் போவட்டும்!"

அல்பீசியா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள் பிலோமினம்மா. இரண்டு கைகளையும் விரித்தும் மரத்தின் பாதிகூட அடங்கவில்லை. குரல் மட்டும் தெரணியகலை டவுன் வரைக்கும் போயிருக்கும்.

மெசின் வாளோடு வந்த ஆஸிக் அதை அப்படியே தரையில் வைத்துவிட்டான். மரம் வெட்டத்தான் அவனுக்குத் தெரியும், பொம்பளையோடு மல்லுக்கட்டத் தெரியாது. "நீங்களே பேசுங்க சேர்" என்று தோட்டத்துப் பீல்ட் ஒப்பிசர் ஸ்ரீதரனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

ஸ்ரீதரனுக்குத் தலை சுற்றியது. சுற்றாதா பின்னே? இந்த மரத்தை வெட்டச் சொல்லி ஆறு வருஷமாக மனுவுக்கு மேல் மனுக் கொடுத்தவளே இந்தப் பிலோமினம்மாதான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வரிசை வீடுகளான லயத்துக் கூரைக்கு நேர் மேலே எண்பது அடிக்கு நிற்கிறது மரம். போன மே மாதக் காற்றில் ஒரு கிளை முறிந்து, தகரத்தைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியது. கட்டிலில் படுத்திருந்த மகள் நிரோஷாவின் தலைக்கும் கிளைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மறுநாள் ஒப்பிஸ் வாசலில் உட்கார்ந்து பிலோமினம்மா அழுத அழுகையில், தோட்டத்தை நடத்தும் தொரை பின்வாசலால் போக வேண்டியதாயிற்று.

ஆறு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தொரை கையெழுத்துப் போட்டார். இன்றைக்கென்று இவள் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்!

"இன்னைக்கு ராவைக்குக் காத்து பலமா அடிக்கும்னு எல்லாருக்கும் போன்ல மெசேஜ் வந்திருக்கே, பாக்கலியா?" என்றார் ஸ்ரீதரன்.

"பாத்தேன் ஐயா. அதுக்குத்தான் நிரோஷாவ காலையிலேயே குருவிட்டைக்கு அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அப்ப நீங்களும் ஒங்க வீட்டுக்காரரும்?"

"நாங்க இங்கதான். மரத்துக்குக் காவல் வேணாமா?"

கூடி நின்ற சனம் சிரித்தது. மரத்தின் மறுபக்கத்தில் அவள் புருஷன் யோசப் யாரையும் சட்டை செய்யாமல் ஒரு மூங்கிலை நட்டு மரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். எண்பது அடி மரத்துக்கு எட்டு அடி மூங்கில்! அதைக் கையால் ஆட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையையும் ஆட்டிக்கொண்டான்.

"வெறகு வேணும்னா வாய்விட்டுச் சொல்லுங்க" என்று இறங்கி வந்தார் ஸ்ரீதரன். "தொரைகிட்ட பேசி மரம் முழுசையும் ஒங்களுக்கே தரச் சொல்றேன்."

"எங்க அடுப்புக்கு ரப்பர் வெறகு போதும்ங்க."

"மரத்துல சாமி கீமி இருக்கா?"

"நாங்க வேதக்காரவங்க ஐயா. எங்க சாமி சேர்ச்சுல இருக்கு."

"அப்ப திடீர்னு மரத்து மேல என்னக்கா இம்புட்டு பாசம்?" என்று கேட்டாள் அடுத்த காம்பரா விஜயகலா.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. உச்சியில் மரம் கிறீச்சென்றது. சனம் மொத்தமும் தடதடவென்று பின்னால் ஓடியது. பிலோமினம்மா மட்டும் நகரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பாழாப்போன மரமே, ஆடாம நில்லு!" என்று பல்லைக் கடித்தாள்.

ஸ்ரீதரன் ஓடி நின்ற இடம் அவள் காம்பரா வாசல். பன்னிரண்டு காம்பரா உள்ள அந்த லயத்தில் அவள் கதவில் மட்டும் சிவப்பு மையில் ஓர் இலக்கம் இருந்தது. போன கிழமை அரசாங்க டி.எஸ். ஒப்பிஸ் ஆட்கள் எழுதிவிட்டுப் போனது. அதை நின்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்? தலைக்கு மேலே மரம் ஆடுகிறது.

"எவ்வளவு நாளைக்கு இந்தக் கூத்து?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"செவ்வாக்கிழம வரைக்கும் ஐயா! புதன்கிழம விடியக்காலையில ஆஸிக் தம்பிக்கு நானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்து வெட்டச் சொல்றேன். வேரோட புடுங்குனாலும் சரி!"

"இன்னைக்கு வெட்டக்கூடாது, புதன்கிழம வெட்டலாமா? ராவைக்கு இது விழுந்தா நீங்க ரெண்டு பேரும் நசுங்கிப் போவீங்களேம்மா!"

"விழாது ஐயா. விழக்கூடாது." கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட அவள் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

ஸ்ரீதரனுக்கும் மனசு கேட்கவில்லை. மெதுவாகக் கிட்டே வந்தார். "செவ்வாக்கிழம அப்படி என்னதான் விசேஷம்?"

"புது வீடு குடுக்குற லிஸ்ட்டுக்குக் கடைசியா பாக்க வர்றாங்க ஐயா. ஏழு பேர்ச் காணியும் சேத்துத் தர்றாங்களாம். எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தப் பத்தடிக் காம்பராதான் எங்களுக்கு."

"நல்ல விசயந்தானே? அதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?" ஸ்ரீதரனுக்குப் பொறுமை போய்விட்டது. "மரத்த இன்னைக்கே வெட்டிட்டா, வந்து பாக்குறவங்களும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு நிம்மதியா எழுதிட்டுப் போவாங்கல்ல?"

பிலோமினம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி எழுதிட்டா எங்களுக்கு ஏது ஐயா வீடு?"