நிப்பாட்டக் கூடாத சேர்வர்

பத்து மணி வெயில் தேவாலய அலுவலகத்தின் யன்னலால் விழுந்து கணினித் திரையை மங்கலாக்குகிறது. நிமலினி ஒரு கையால் வெயிலை மறைத்து எண்களை வாசிக்கிறாள். சேர்வரின் நினைவக அட்டவணையில் ‘ஃப்ரீ’ என்ற நிரலில் இருநூறு மெகாபைட்தான் நிற்கிறது. “மெமரி முடிஞ்சுது பிள்ளை. ஒருக்கா நிப்பாட்டித் திருப்பிப் போடுவம்,” என்று செயலாளர் கிருபைரட்ணம் சுவிட்சை நோக்கிக் கை நீட்டுகிறார். “வேண்டாம் அங்கிள். நிப்பாட்டினால் திரும்பத் திறக்கக் கடவுச்சொல் வேணும். அது அவருக்கு மட்டுந்தான் தெரியும்.” அவர் என்பது போன மாதம் இறந்த அவளுடைய கணவர் நதானியேல். அவர் படமெடுத்த பின் கறையான் தின்று முடித்த ஞானஸ்நானப் பதிவேடுகள் இந்த இயந்திரத்துக்குள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவளுடைய விரல் திரையில் ‘ஃப்ரீ’யைத் தொட்டு நகர்கிறது. “உது சும்மா கிடக்கிற இடம் மட்டுந்தான். கடைசி நிரலைப் பாருங்கோ, ‘அவைலபிள்’, எடுக்கக்கூடிய இடம், பதினொரு ஜீபி. வாசிச்ச படங்களை இது கையோட வைச்சிருக்குது. இடம் கேட்டால் விட்டுக்குடுக்கும்.” “உனக்கெப்ப உதெல்லாம் தெரியும்?” “அவர் போன பிறகுதான்.” புதிய ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பதிவேட்டுப் படங்களைப் பிரதியெடுக்கத் தொடங்குகிறாள். விசிறிகள் இரைகின்றன. ‘ஃப்ரீ’ நூற்றிருபதாகிறது. “இறங்குது பிள்ளை.” “இறங்கட்டும்.” கடைசி நிரல் அசையவில்லை. அவள் கதிரையை அவருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.