கவனமாகக் கையாளவும்

அறுபது வருடப் பழைய பிஸ்கட் டின். வெளியூர் சேகரிப்பாளர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டது. கணவர் அதற்கு பபுள் ராப் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, சந்துபொந்தெல்லாம் காகிதம் திணித்து ஒட்டினார். மேலே 'கவனமாகக் கையாளவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

வேலைக்குக் கிளம்பிய மனைவி அந்தப் பெட்டியைத் தூக்கி மாடிப்படியில் உருட்டிவிட்டாள். கீழே போய் ஓர் உதை விட்டாள். பிறகு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அடிப்பாவி, வீடு பூரா டின்னா கெடக்குன்னு கோபம்னா என்னைத் திட்டு. அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"பிரிச்சுப் பாருங்க."

அவசர அவசரமாகப் பிரித்தார். டின்னில் ஒரு சின்ன நசுங்கல்கூட இல்லை.

"இனி தைரியமா அனுப்பலாம்," என்றவள் தன் கூரியர் சீருடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். "மேல எழுதினதை மட்டும் அழிச்சிடுங்க. அதைப் பார்த்தா எங்க ஆபீஸ்ல இன்னும் ஓங்கி எறிவோம்."