மூன்றாவது நூலை எழுதியவர்

“கொஞ்சம் சத்தமா பேசும்மா. இங்க இன்னும் யாரும் தூங்கலை. நீ தூங்க வெச்சுடாதே!”

தேர்வு நடத்த வந்திருந்த தமீரா சொன்னதும் பின் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நாரின் என்ற மலை நகரத்தின் மாலைப் பள்ளி ஆசிரியர் மெதெர்பெக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பேசிக்கொண்டிருந்த புருலைத் தேர்வுக்கு அனுப்பியவர் அவர்தான். அவள் ஊருக்குப் புதியவள். யார் வீட்டுப் பெண் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் நன்றாகப் படிப்பாள். நாம்தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையோ என்று நேற்றிலிருந்தே அவருக்கு உறுத்தல்.

இலக்கியம், சமயம், அறிவியல் ஒவ்வொன்றிலும் ஒரு நூலைப் படித்து, மனதில் பட்டதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தேறினால் புருலுக்குத் தலைநகரில் பல்கலைக்கழக இடம். தவறினால் அது வேறு யாருக்கோ.

தமீராவுக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினராக எசென்குல் உட்கார்ந்திருந்தார். மலைப்பனியை ஆராய்ந்தே தலை நரைத்தவர். புருல் படித்த அறிவியல் நூலை எழுதியவரும் அவரே. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

புருல் தலைக்குட்டையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

“கதையில, மேல இருக்கிறவன் ஓடையை மறிச்சுடறான். கீழ இருக்கிறவனோட ஆடுங்க தவிக்குது. சமய நூல்ல, தொழறதுக்கு முன்னால கைகால் கழுவும்போதுகூடத் தண்ணியை வீணாக்காதேன்னு வருது. ரெண்டும் ஒரே விஷயம்தான்னு எனக்குப் பட்டுது. நமக்குக் கீழ எப்பவும் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்.”

“பரவாயில்லையே!” தமீரா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி, மூணாவது?”

“அந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு மூணாவது நூல் சொல்லுது. ஆனா... அதுல ஒரு தப்பு இருக்கு.”

சிரிப்பு நின்றது. மெதெர்பெக் கண்களை மூடிக்கொண்டார்.

“வெயிலையும் காத்தையும் மட்டும் வெச்சுப் பனி எப்ப உருகும்னு கணக்குப் போட்டிருக்காங்க. எங்க முற்றத்துல அடுப்புச் சாம்பல் கொட்டின இடம்தான் முதல்ல உருகுது. சூடெல்லாம் ஆறிப்போன சாம்பல்! கறுப்பு, வெயிலை இழுத்துக்குது. மலையில தூசி படிஞ்ச பனியும் அப்படித்தானே? அதைச் சேர்க்காததால, ஆத்துல தண்ணி அவங்க சொன்னதுக்கு முன்னாடியே வந்துடும்.”

இப்போது அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

“அடேங்கப்பா! இந்த நூலை எழுதினது யாருன்னு தெரியுமா உனக்கு?” என்றார் தமீரா.

“தெரியும்.”

“சொல்லு பார்ப்போம்.”

புருல் தலைக்குட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“முதல் ரெண்டு நூலுக்கும் எழுதினவங்க பேரைக் கடகடன்னு சொன்னியே?”

“இதை மட்டும் சொல்ல முடியாதுக்கா.”

“அவர் உன் எதிர்லயே உட்கார்ந்திருக்காருடி!” பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். மறுபடியும் சிரிப்பு.

தமீராவின் முகம் கடுத்தது. “எழுதினவர் பேரே தெரியாம நூல்ல குறை கண்டுபிடிச்சா, யாரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்னுதான் நினைப்பேன். கடைசியா கேக்கறேன். பேரைச் சொல்லு, தேர்ச்சி போடறேன். இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு.”

“நூலைப் பத்தி வேற என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா. பேர் மட்டும் என் வாயால வராது.”

“எசென்குல்னு சொல்லித் தொலையேன்!” என்று கத்த வேண்டும்போல இருந்தது மெதெர்பெக்குக்கு. தமீரா பேனாவைத் திறந்தார்.

“கொஞ்சம் பொறு, தமீரா.” முதல்முறையாக எசென்குல் வாய் திறந்தார். “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?”

“எப்பவோ ஆயிடுச்சு ஐயா. எதுக்குக் கேக்கறீங்க?”

“உன் மாமனார் பேரைச் சொல்லு, கேப்போம்.”

தமீராவின் வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் எந்த மருமகளும் மாமனார் பேரைச் சொல்லவும் மாட்டாள், அவர் எதிரே குரலை உயர்த்தவும் மாட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு, குனிந்து நின்ற புருலைப் பார்த்தார். ‘தேர்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

பின் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. மெதெர்பெக்கும்தான், எதற்கென்று பாதி புரிந்தும் புரியாமலும்.

“உறவு தெரிஞ்சா சலுகைன்னு சொல்லிடுவாங்கன்னுதான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவ சொன்ன தப்பு நிஜம், திருத்தணும்,” என்று எசென்குல் எழுந்து நின்றார். “என் மகனைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்ததிலேருந்து, என் மருமக குரலை இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்.”