முதல் வரிக்குச் சொந்தக்காரர்

மாணவர்களின் புரோகிராம்களைத் திருத்தும் மென்பொருள், வகுப்பு மொத்தத்துக்கும் முட்டை போட்டுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"எல்லாருக்கும் முதல் வரி ஒன்றுதான். காப்பி" என்றது.

பேராசிரியை பார்வதி திறந்து பார்த்தார். பரீட்சைத் தாளில் போடுவதைப் போலவே, பிள்ளைகள் அத்தனை பேரும் புரோகிராமின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டிய பிள்ளைகள். மென்பொருள் போட்ட மார்க்கில் கைவைக்கத் துணைவேந்தருக்கே அதிகாரம் கிடையாது. அதனிடமேதான் கெஞ்ச வேண்டும்.

"அது சாமிக்குப் போடுறதுப்பா. காப்பி இல்ல."

"வரிக்குச் சொந்தக்காரர் அனுமதித்தால் காப்பி ஆகாது. யார் அவர்?"

"பிள்ளையார்."

மென்பொருள் கொஞ்ச நேரம் தேடியது.

"நம் கல்லூரிப் பட்டியலில் இல்லை. சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராதவரின் அனுமதி செல்லாது. பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். தாய் பார்வதி, தந்தை பரமசிவம். ஆதார் அட்டை கட்டாயம்."

பார்வதி திரையை முறைத்தார். அப்புறம் முகம் மெல்ல மலர்ந்தது. பெயிண்ட் கடையில் இருந்த கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, ஆதாரை எடுத்துக்கிட்டு உடனே காலேஜுக்கு வாங்க. ஒரு கையெழுத்துப் போடணும்."

"பரமசிவம்னு முழுசாப் போடணுமா, இனிஷியல் போதுமா? ஆமா, யாருக்கு?"

"முழுசாவே போடுங்க. நம்ம மூத்த பையனுக்கு."