விசாரிக்க வந்தவரின் இலை

ஹோட்டலில் பயிற்சிக்குப் போன மாணவியின் கையில் சமையல் மாஸ்டர் பழுக்கக் காய்ந்த கரண்டியை வைத்துவிட்டார் என்று புகார். விசாரிக்கத்தான் கேட்டரிங் கல்லூரி ஆசிரியர் தணிகாசலம் அந்த ஹோட்டலுக்குப் போனார். வாய் திறப்பதற்குள் முதலாளி இலை போட்டுவிட்டார். "மொதல்ல சாப்பிடுங்க சார். பேச்சு எங்க போயிடப்போவுது?" நல்ல பசி. மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ரசத்துக்கு வந்தபோதுதான் ஊற்றுகிற கையை நிமிர்ந்து பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே கரண்டி அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. எப்சிபா. புகார் கொடுத்தவள். இவ்வளவு நேரமும் அவள்தான் பரிமாறியிருக்கிறாள்.

"மோர் ஊத்தட்டுமா சார்?"

வேண்டாமென்று தலையசைத்தார். அடுக்களை வாசலில் தோளில் துண்டோடு மாஸ்டர் நின்றிருந்தார். இலையைத் தன் பக்கமாக மடித்தால் திருப்தி. எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில்தான். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவரே தணிகாசலம்தான். இலையின் விளிம்பைப் பிடித்தபடி யோசித்தார். யோசிக்கும்போதே, பழகிய கை தன் பக்கமாக மடித்துவிட்டது.

"சாருக்குத் திருப்தி, மாஸ்டர்!" என்று முதலாளி உரக்கச் சிரித்தார்.

எப்சிபா குனிந்து இலையை எடுத்தாள். அவர் கை கழுவ எழுந்திருக்கவில்லை.

"கை காயுது சார்," என்றாள்.