மாற்றிப் படிக்கவும்

"லோன் கேட்டு வந்தவன் செருப்பைப் பார்த்தே ஆளை எடை போட்டவன் நான். என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார் கோதண்டபாணி.

ரிட்டையரான பேங்க் மேனேஜர். மயிலாப்பூரில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் ஒரு டிரஸ்டுக்காக, விண்ணப்பித்தவர்களின் வீடு தேடிப் போய் விசாரிப்பது அவர் வேலை. கரண்ட் பில்லைக் கேட்பார். அடுப்படியை எட்டிப் பார்ப்பார். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு.

அன்றைக்கு ராயப்பேட்டையில் ஒரே கட்டடத்தில் இரண்டு விண்ணப்பம். கீழ் வீட்டு ஜுவேரியா, மேல் வீட்டு அறிவு.

கீழ் வீட்டு நடையில் கிடந்த தையல் மிஷினில் முட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். போனதும் முகம் சுருங்கியது. இருப்பது ஒரே ரூம். அதில் ஆளுயர ஃபிரிட்ஜ், சுவரில் சாய்த்து வைத்த பெரிய டிவி, வாஷிங் மிஷின், போதாததற்கு சோபா. காலை நீட்ட இடமில்லை.

"துணி தைச்சுப் பொழைக்கறதா எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்" என்றார் ஜுவேரியாவின் அம்மா அமீனா பீ. "இவங்க அத்தா மௌத்தானதுக்கப்புறம் என் தையல்தான். திங்கக்கெழமைக்குள்ள ஃபீஸ் கட்டலேன்னா பி.காம் சீட்டு போயிடும் சார்."

கோதண்டபாணி குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஜுவேரியா மூலையிலிருந்த மண்பானையில் மொண்டு கொடுத்தாள். ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. அடேயப்பா, என்ன நடிப்பு!

"வீடு நெறைய சாமானை வெச்சுக்கிட்டு ஏழைன்னா எப்படிம்மா?"

"சார், அது வந்து…" என்று ஜுவேரியா ஆரம்பித்தாள். அமீனா பீ அவள் கையை அழுத்திப் பிடித்தார். பெண் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

பேங்கில் எத்தனை கண்ணீரைப் பார்த்தவர் கோதண்டபாணி! "உண்மையைச் சொல்லி உதவி கேக்கணும்மா. பொய் எனக்கு ஆகாது" என்று எழுந்துவிட்டார்.

மேல் வீட்டில் காலடி வைத்ததும் நெஞ்சு கரைந்தது. துடைத்துவிட்டாற்போல் வீடு. உட்காரப் பாய், நசுங்கிய டம்ளரில் தண்ணீர். சுவரில் டிவி மாட்டியிருந்த ஆணிகள். தரையில் சோபாக் கால் பதிந்த தடங்கள்.

"எல்லாத்தையும் வித்துட்டீங்களா?"

அறிவின் அப்பா சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துது சார்…"

அவர் மனைவி கோமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அழுகிறார் போலிருக்கிறது. வாழ்ந்து கெட்ட குடும்பம்! அதற்குமேல் கேள்வி கேட்கக் கோதண்டபாணிக்கு மனம் வரவில்லை.

தெருமுனை டீக்கடையில் நின்றபடியே டிரஸ்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: "கீழ் வீடு நல்ல வசதி, வேண்டாம். மேல் வீடு பரம ஏழை, உடனே கொடுக்கலாம்."

டீயைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் ஹெல்மெட் நினைவு வந்தது. கீழ் வீட்டு சோபாவில் வைத்தது.

திரும்பிப் போனால், மாடிப்படி நடுவில் அந்த ஃபிரிட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றது. மேலேயிருந்து சின்னப்பையன் இழுக்க, கீழேயிருந்து அறிவு முட்டுக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே அவரைப் பார்க்கவில்லை.

"இத்த அப்பால பாத்துக்கலாம் நைனா. டிவிய மொதல்ல ஏத்து. மேட்ச் ஆரம்பிக்கப் போவுது!" என்றான் அறிவு.

கோதண்டபாணி சத்தமில்லாமல் கீழ் வீட்டுப் பக்கம் நகர்ந்தார்.

அமீனா பீ ஹெல்மெட்டோடு வாசலுக்கு வந்தார்.

"இதெல்லாம் அவங்களோடதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் கோதண்டபாணி, குரலைத் தாழ்த்தி.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், ரெண்டு நாள் வெச்சிக்கங்க, யாரு கேட்டாலும் எங்களுதுன்னு சொல்லாதீங்கன்னாங்க சார். சரின்னுட்டேன். நீங்க மேல ஏறிப் போனப்போதான் வெசயமே புரிஞ்சுது."

"அப்பவாவது என்னைக் கூப்பிட்டுச் சொல்றதுக்கென்ன? பொண்ணு படிப்பு போயிருக்குமே!"

"நம்பிக் குடுத்தாங்க. அமானிதம் சார் அது. சொல்லமாட்டேன்னு ஒத்துக்கிட்டதை எப்படி சார் சொல்றது?" அமீனா பீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோதண்டபாணிக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, நடையில் கிடந்த தையல் மிஷினை ஒரு கை பிடித்து உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்.

செல்போனை எடுத்து, 'நான் ஏமாந்துவிட்டேன்' என்று டைப் செய்தார். குரூப்பில் இருப்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. அழித்தார். மறுபடி டைப் செய்தார். மறுபடி அழித்தார்.

பொய்யே ஆகாத கோதண்டபாணி கடைசியில் அனுப்பியது இதுதான்:

"திருத்தம். முந்தைய மெசேஜில் கை தவறி மேல் வீடும் கீழ் வீடும் இடம் மாறிவிட்டன. மாற்றிப் படிக்கவும்."

டிரஸ்ட் தலைவரிடமிருந்து உடனே பதில் வந்தது.

"அதானே பார்த்தேன்! உங்க கண்ணுல மண்ணைத் தூவ ஒருத்தன் பொறந்து வரணுமே சார்!"