இருபது டப்பா

“தொண்டூர்ல அம்பது வயசு தாண்டின இருபது பேரோட மலம் வேணும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தா, குடல்ல புத்துநோய் இருக்கான்னு முன்னாடியே பாத்துடலாம்” என்றார், சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா.

கம்பவுண்டர் அருளானந்தத்துக்கே ஐம்பத்திரண்டு வயது. வெயிலில் சைக்கிள் மிதிக்கும் வயதா அது?

“கூழுக்கே வழியில்லாத ஜனங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?” என்று முனகியபடி, காலி மூக்குப்பொடி டப்பாக்கள் இருபதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை இருபதும் நிரம்பி மேஜைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், முத்து முத்தான எழுத்தில்.

“ஒரே நாள்ல இருபது பேரா!”

“ஏழைங்கன்னா எனக்கு உசுரும்மா. வீடு வீடா ஏறி எறங்கினேன்.”

நெகிழ்ந்துபோன டாக்டரம்மா, அவரைப் பாராட்டி மேலிடத்துக்குக் கடிதமே எழுதினார்.

மூன்றாம் நாள், சோதனையை முடித்த டாக்டரம்மா பதறிக்கொண்டு வந்தார்.

“இருபதுலயும் ரத்தம் இருக்குது! ஒருத்தர்கூட தப்பலை. எல்லாரையும் இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு வேன் சொல்லட்டுமா?”

அருளானந்தம் சைக்கிள் சாவியை மேஜைமேல் வைத்தார்.

“வேனெல்லாம் வேணாம்மா... பஸ்ஸுல எனக்கு ஒரு டிக்கெட் போதும்.”